அஸ்வின் குரலில் பகடிப் பதிவு எழுதினால் ஏன் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது?

லெக்ஸ்லிப் எழுதியது:

வணக்கம். நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிரிக்கெட் மீம் பக்கம் நடத்துகிறோம். மீம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எக்ஸ் தளத்தில் ஒரு பகடிக் கணக்கு தொடங்கி, அஸ்வின் எழுதுவது மாதிரியே தினம் ஒரு பதிவு போடலாம் என்று யோசனை. பெயரில் 'பகடி' என்று போடத்தான் போகிறோம், யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், எழுதியதைப் படித்தால் எங்களுக்கே சிரிப்பு வரவில்லை. மாதிரிக்கு மூன்று:

"நான் வீசும் கேரம் பால் நிலாவைச் சுற்றிவிட்டு வந்து ஆஃப் ஸ்டம்ப்பைத் தட்டும்."

"பட்லர் இன்னும் கனவில் கிரீஸுக்குள்ளேயே நிற்கிறாராம், ஹாஹா."

"என்னை மறுபடி டீமில் எடுக்கப் போகிறார்கள், நாளை அறிவிப்பு."

'சர் ஜடேஜா' ஸ்டைலில் போனால் ஓடும் என்கிறான் ஒரு நண்பன். இன்னொருவன், அவருடைய புரொஃபைல் படத்தையே வைத்தால்தான் ஆட்கள் நின்று படிப்பார்கள் என்கிறான். இப்படிப் பக்கம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள். சட்டச் சிக்கல் வருமா என்பதும் தெரிய வேண்டும்.

டீஸ்டாண்ட்_வெயில் எழுதியது:

முதலில் சர் ஜடேஜா விஷயத்தைப் பேசிவிடலாம். அது ஜடேஜாவின் குரலே இல்லை, ப்ரோ. ரஜினி ஜோக்கை அப்படியே தூக்கி ஜடேஜா தலையில் வைத்ததுதான். ரஞ்சியில் மூன்று முச்சதம் அடித்த ஆள், ஆனால் 2012 வாக்கில் இந்திய டீமுக்கு ஆடும்போது அவரைக் கிண்டல் செய்யாத ரசிகரில்லை. கிண்டலுக்காக ஒட்டவைத்த பட்டம்தான் அந்த 'சர்'. 2013 ஏப்ரலில் தோனியே ட்விட்டரில் அதைக் கையில் எடுத்தார். ரஜினிக்கு வயதாகிறது என்று கடவுள் ஜடேஜாவைப் படைத்தார் என்கிற ரகத்தில் வரிசையாகப் போட்டார். அதே மாதம் 13ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஆர்சிபியுடன் ஆட்டம். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். ஆர்.பி. சிங் வீசுகிறார், ஜடேஜா அடித்தது நேராக தேர்ட்மேன் கைக்குப் போகிறது. மைதானமே தலையில் கை வைத்தது. பார்த்தால் நோ பால்! ஓடிய ஒரு ரன்னும் சேர்ந்து சென்னை ஜெயித்தது, அதுவும் ஒரு பந்து மிச்சம் வைத்து. ஜோக் நிஜமாகவே நடந்துவிட்டதால்தான் அது அவ்வளவு பெரிதாக ஓடியது.

அஸ்வினுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. அவருக்குத் தெய்வ சக்தி எதுவும் கிடையாது, எல்லாவற்றுக்கும் விளக்கம்தான் உண்டு. உங்கள் முதல் ஜோக் விழாமல் போனதற்குக் காரணம் அதுதான். மற்றதை நெல்லை அண்ணாச்சி வந்து சொல்வார்.

நெல்லை_நைட்வாட்ச்மேன் எழுதியது:

வந்துவிட்டேன்.

தம்பி லெக்ஸ்லிப், நீங்கள் அஸ்வினைப் பற்றி ஜோக் எழுதியிருக்கிறீர்கள். அஸ்வினாக எழுதவில்லை. இரண்டாவதைப் பாருங்கள். பட்லர் கனவு, ஹாஹா. இதை அஸ்வின் சொல்லவே மாட்டார். 2019இல் ஜெய்ப்பூரில், பந்து வீசும் முன்பே கிரீஸ் கோட்டை விட்டு நகர்ந்த எதிர்முனை பேட்டர் பட்லரை ரன் அவுட் செய்தபிறகு அவர் பேச்சு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். விதி இருக்கிறது, விதிப்படி செய்தேன், இதில் ஆட்ட உணர்வு (ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்) எங்கே வந்தது. ஒரு சிரிப்புக் கிடையாது. அடுத்த வருடம் துபாயில் ஃபிஞ்ச் கிரீஸை விட்டு வெளியே நின்றபோது ரன் அவுட் செய்யாமல் விட்டார். விட்டுவிட்டு அன்றைக்கே ட்விட்டரில் அப்போதைய தன் டீம் கோச் ரிக்கி பாண்டிங்கையும் கோத்து, 2020க்கு இதுதான் முதல் எச்சரிக்கை, இதுவே கடைசி, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்கிற தோரணையில் ஒரு பதிவு போட்டார். ஹவுசிங் போர்டு நோட்டீஸ் மாதிரியே இருந்தது. உங்களுக்கு வேண்டியது அந்தத் தொனி. வக்கீல் நோட்டீஸ் எழுதுகிற மனிதர், ஆனால் உள்ளுக்குள் மேற்கு மாம்பலத்துத் தெரு கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா' என்று சண்டை போட்ட பையன். இந்த இரண்டு பேரும் ஒரே பதிவில் தெரிந்தால் குரல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அஸ்வினே நகைச்சுவை உள்ள ஆள். நிஜமாக அவர் செய்தது பல நேரம் நம் பகடியைத் தாண்டிப் போய்விடும். 2021 ஜனவரி சிட்னி டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு பிடித்துக்கொண்டு, அன்று காலை ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியாத நிலையில் போய் 128 பந்து நின்றார். அதை உலகத்துக்குச் சொன்னது அவர் மனைவியின் ட்வீட். எதிர்முனையில் விஹாரி 161 பந்து. நடுநடுவே அவரிடம் தமிழில் பேசியது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. அந்தப் பக்கம் ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்ன் 'காபாவுக்கு (அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேன் மைதானம்) வா' என்று சீண்ட, 'நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உனக்குக் கடைசி சீரிஸ்' என்கிற மாதிரி இவர் திருப்பிக் கொடுத்தார். அதே மாதம், இங்கிலாந்து சீரிஸில் புஜாரா ஒரு ஸ்பின்னரைத் தலைக்கு மேலே தூக்கி அடித்தால் பாதி மீசையை மழித்துவிட்டு ஆட வருகிறேன் என்று கேமரா முன்னால் சவால் விட்டார். பாதி மீசை! இதை நாம் எழுதியிருந்தால் 'ஓவரா இருக்கே' என்று கமென்ட் வந்திருக்கும். ஆகவே பெரிதுபடுத்துகிற வழியில் அஸ்வினை ஜெயிக்க முடியாது. ஷேவாக் கணக்கைப் பகடி செய்யப் போனவர்களுக்கும் இதே கதிதான். அசலே கேலியாக இருக்கும்போது நகல் மொக்கையாகத்தான் தெரியும்.

வழி என்ன? மைதானத்தை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். அதே மூளை, அதே விதிப் புத்தகம், ஆனால் இடம் அப்பார்ட்மென்ட், பந்தி, ரேஷன் கடை. நான் சும்மா எழுதிப் பார்த்த ஒன்று (விதி 38 என்பது ரன் அவுட் விதி):

"லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் மூன்றாம் மாடி மாமாவின் செருப்பு நுனி கோட்டுக்கு வெளியே இருந்தது. பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். விதி 38. இதில் ஸ்பிரிட் ஆஃப் லிஃப்ட் எங்கே வந்தது?"

இன்னொன்று. இதைப் புரிந்துகொள்ள 2022 மெல்போர்ன் ஞாபகம் இருக்க வேண்டும். பாகிஸ்தானுடன் கடைசிப் பந்து, 2 ரன் தேவை, நவாஸ் லெக் பக்கம் போடுகிறார், அஸ்வின் மட்டையை அசைக்காமல் ஒதுங்கி வைடு வாங்குகிறார். தொண்ணூறாயிரம் பேர் கத்துகிற இடத்தில் சும்மா நின்ற மனிதர்.

"கல்யாணப் பந்தி. வடை பரிமாறுபவர் என் இலையை நோக்கி வந்தார். நான் கை நீட்டவில்லை, தலை ஆட்டவில்லை. லைன் பார்த்தேன், இலைக்கு வெளியேதான் விழும். விழுந்தது. மறுபடி ஒன்று வைக்கச் சொன்னேன். வைடுக்கு எக்ஸ்ட்ரா உண்டு, பந்தும் மறுபடி போட வேண்டும்."

பார்த்தீர்களா, இதில் ஒரு இடத்திலும் அவர் ஜோக் அடிக்கவில்லை. மிகச் சீரியஸாகத் தன் நியாயத்தைச் சொல்கிறார். சிரிப்பது நம் வேலை. எழுதுகிறவர் முந்திக்கொண்டு சிரித்தால் முடிந்தது கதை.

அப்புறம் அளவு. எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து என்பார்கள், தமிழில் அது ஏமாற்று. 'கெ'யில் க ஒன்று, கொம்பு ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். புள்ளிக்கும் கணக்கு உண்டு. சுமார் முப்பது சொல்லுக்குள் முடித்தாக வேண்டும். மேலே உள்ள பந்திப் பதிவு அதில் நெருக்கித்தான் நுழையும், லிஃப்ட் தாராளமாக நுழையும். இந்த நெருக்கடி நல்லதுதான், விளக்கம் சொல்லத் துடிக்கும் ஆளை முப்பது சொல்லில் அடைத்தால் அதுவே பாதி வேடிக்கை.

இப்போது உங்கள் மூன்றாவது மாதிரி. 'மறுபடி டீமில் எடுக்கப் போகிறார்கள், நாளை அறிவிப்பு.' இதை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இது பகடியே இல்லை, பொய்ச் செய்தி. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு திடீரென்று ஓய்வு அறிவித்த மனிதர் அவர். 537 விக்கெட் எடுத்தவர் தொடர் நடுவில் போகிறாரே என்று ஊரே திகைத்தது. அப்படி ஒரு தடவை நடந்ததால், அவர் பெயரில் திடீர் அறிவிப்பு எது வந்தாலும் ஆட்கள் நம்பத் தயாராக இருப்பார்கள். தேர்வு, ஓய்வு, காயம், ஏலம், சண்டை, விளம்பரம் இதெல்லாம் அவர் நிஜமாகவே பேசக்கூடிய விஷயங்கள். அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

பெயரில் 'பகடி' போடுகிறோம், அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். என் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதுவது ஓய்வுபெற்ற ஒரு ஸ்பின்னரின் குரலில். பெயர் முதலிலேயே பகடி, விவரத்திலும் பகடி, படம் ஒரு கத்தரிக்காய். பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். ஒரு செய்தித் தளம் மேலே பெயர் இருந்த பகுதியை வெட்டி, கத்தரிக்காயையும் வெட்டி, வெறும் எழுத்தை மட்டும் எடுத்து 'பரபரப்புப் புகார்' என்று தலைப்பு வைத்தது. மெயில் அனுப்பினேன், இரண்டாவது மெயிலும் அனுப்பினேன், பதில் இல்லை. சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா அதை எனக்கே அனுப்பி, 'பாத்தியாடே, என்ன தைரியம் இவனுக்கு' என்கிறார். எழுதியது நான்தான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பெயரை வெட்டலாம், படத்தை வெட்டலாம், கீழே போடுகிற ஹேஷ்டேகையும் வெட்டலாம். வெட்ட முடியாதது வாக்கியம் மட்டும்தான். அதனால் நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இது: பெயரும் படமும் இல்லாமல் எழுத்தை மட்டும் சித்தப்பாவுக்கு அனுப்பினால் அவர் நம்புவாரா? நம்புவார் என்றால் போட மாட்டேன். மூன்றாம் மாடி மாமாவை விதி 38இல் அவுட் ஆக்கிய கதையை எந்தத் தளத்தாலும் பரபரப்பாக்க முடியாது. பயிற்சியாளர் பற்றிய வரியை ஆக்க முடியும். பகடி என்கிற முத்திரை வாக்கியத்துக்கு உள்ளேயே ஊறியிருக்க வேண்டும், அதன் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் போதாது.

அவருடைய படத்தையே வைப்போம் என்கிற நண்பனிடம் இதைக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து நின்று படிக்கிறவன் ஏமாந்துதான் நிற்கிறான்.

வாய்தா_வரதன் எழுதியது:

சட்டம் கேட்டதால் நான். வக்கீல்தான், ஆனால் இது பொதுப் பேச்சு, ஆலோசனைக் கட்டணம் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது.

படம் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னதற்குச் சட்டத்துக்கு முன்னால் தளத்தின் விதியே தடை போடுகிறது. 2025 ஏப்ரலிலிருந்து எக்ஸில் பகடிக் கணக்கு என்றால் 'பகடி', 'போலி' போன்ற சொல் கணக்குப் பெயரின் தொடக்கத்திலேயே வர வேண்டும். கடைசியில் போட்டால் டைம்லைனில் பெயர் நீளமாகி அந்தச் சொல் மறைந்துவிடும், அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான். சம்பந்தப்பட்டவரின் அதே படத்தையும் வைக்கக் கூடாது. இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 2022 நவம்பரில் காசு கொடுத்தால் நீல டிக் என்று ஆனதும், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பெயரில் டிக் உள்ள ஒரு போலிக் கணக்கு, தன்னை லேக்கர்ஸ் டீமிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பதாகப் பதிவு போட்டது. அண்ணாச்சி தொடக் கூடாது என்று சொன்ன வகைதான், கவனியுங்கள். நிறையப் பேர் நம்பினார்கள்.

நீல டிக் பிறந்த கதையிலேயே விளையாட்டு ஆட்கள் உண்டு. கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் 2008இல் ட்விட்டருக்கு வந்ததே அவர் பெயரில் வேறொருவர் எழுதிக்கொண்டிருந்ததால்தான். 'நிஜமான ஷாக்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தார். 2009 மே மாதம் டோனி லா ருஸ்ஸா, அமெரிக்க பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மேனேஜர், தன் பெயரிலிருந்த போலிக் கணக்குக்காக ட்விட்டர் மீதே வழக்குப் போட்டார். அடுத்த மாதமே சரிபார்த்த கணக்கு என்கிற ஏற்பாட்டை ட்விட்டர் அறிவித்தது. வழக்குத் தீர்ப்பு வரை போகவில்லை.

நம் ஊருக்கு வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் 'ஏமாற்றினால்' என்பதுதான் உயிர். பகடி என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில் ஏமாற்றுவது எங்கே? உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் கார்டு சம்பந்தமான ஒரு வழக்கில் (சிராஜ், அர்ஷ்தீப் போன்றவர்களும் மனுதாரர்கள்), பிரபலங்களின் பெயரையும் படத்தையும் நையாண்டி, பகடி, செய்தி போன்றவற்றுக்குப் பயன்படுத்துவது அரசியல் சட்டம் 19(1)(ஏ) தரும் பேச்சுரிமைக்குள் வரும் என்றது. ஆனால் அது தடை கேட்ட மனு மீதான இடைக்கால உத்தரவு. அதை நம்பி அவர் பெயரில் டீ-ஷர்ட் விற்கக் கிளம்பிவிடாதீர்கள். பணம் வந்தால் கதை வேறு. குரலை ஏஐ வைத்துப் பேச வைக்கிற யோசனை இருந்தால் அதையும் கைவிடுங்கள். 2024 ஜனவரியில் சச்சின் ஒரு கேமிங் ஆப்பைப் பரிந்துரைப்பது போலப் போலி வீடியோ வந்து, அவரே வெளியே வந்து மறுக்க வேண்டியிருந்தது. அதன்பின் அந்தப் பக்கம் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

ஸ்கோர்புக்_அக்கா எழுதியது:

லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் போடுகிறவள் நான். விதி எண் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. அஸ்வின் ரசிகர்கள் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், எண் தப்பினால் கமென்டில் கும்மி அடிப்பார்கள். எதிர்முனை பேட்டரை ரன் அவுட் செய்வது 2022 அக்டோபர் 1 முதல்தான் விதி 38, அதாவது சாதாரண ரன் அவுட். அதற்கு முன்பு நியாயமற்ற ஆட்டம் பற்றிய 41இல் இருந்தது, 41.16. பட்லர் சம்பவத்தின்போது அதுதான். ஆக இன்றைய லிஃப்ட்டுக்கு 38 சரி. பழைய கதை மாதிரி எழுதினால் 41.16 என்று போடுங்கள். அந்தப் புள்ளி பதினாறிலேயே தனிச் சிரிப்பு இருக்கிறது.

இன்னொன்று, அவர் வீட்டு மனிதர்களைப் பதிவுக்குள் இழுக்காதீர்கள். மூன்றாம் மாடி மாமா கற்பனை, அதனால் பரவாயில்லை. மனைவி, குழந்தைகள் பெயரெல்லாம் வந்தால் எனக்குப் படிக்கவே பிடிக்காது. தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த நாள் வீரர்களின் வீட்டார் கணக்கில் போய் எழுதுகிறவர்களை நாம் நிறையவே பார்த்துவிட்டோம்.

டீஸ்டாண்ட்_வெயில் எழுதியது:

அக்கா சொன்னதும் 2009 ஞாபகம் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் ஐபிஎல் நடந்தபோது 'போலி ஐபிஎல் வீரர்' என்று ஒருவர் பிளாக் எழுதினாரே. கொல்கத்தா டீமில் இருக்கிற ஆட்டக்காரர் மாதிரியே எழுதி, கங்குலிக்கு 'லார்டி' என்று பட்டப்பெயர் வைத்து, டிரெஸ்ஸிங் ரூம் கதையாக அளந்துவிட்டார். கொல்கத்தா கடைசி இடத்தில் கிடந்த சீசன், அதனால் சொன்னதையெல்லாம் ஊர் நம்பியது. அடுத்த வருடம் பார்த்தால் எழுதியவர் கிரிக்கெட் வீரரே இல்லை. எழுத்து என்னவோ பிரமாதம். ஆனால் அதில் எது பகடி, எது அவதூறு என்று இன்றைக்கு யாராலும் பிரிக்க முடியாது. சித்தப்பா சோதனையில் அது தோற்றிருக்கும்.

லெக்ஸ்லிப் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று மாதிரியையும் தூக்கிவிட்டோம். படம் பற்றி முடிவாகிவிட்டது: கேரம் போர்டு காய். வரதன் அண்ணா, பணம் எதுவும் வராது, நிச்சயம். புதிதாக ஒன்று எழுதினேன், அண்ணாச்சி பார்த்துச் சொல்லுங்கள்:

"ரேஷன் கடை வரிசை. முன்னால் நின்றவர் பையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். பை கிரீஸுக்குள் இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு முறை எச்சரித்தேன். பையை நகர்த்தினேன். விதி தெளிவாக இருக்கிறது மாமா, செம காமெடி!"

நெல்லை_நைட்வாட்ச்மேன் எழுதியது:

பை கிரீஸுக்குள், ஆள் வெளியே. அருமை தம்பி, இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. சித்தப்பாவும் நம்ப மாட்டார், அவருக்கு ரேஷன் கடைக்கு அஸ்வின் வரமாட்டார் என்று தெரியும்.

'செம காமெடி'யை எடுத்துவிடுங்கள், அது நீங்கள் பேசுவது. 'எச்சரித்தேன்' என்பதற்கு முன்னால் '2026க்காக' என்று சேர்த்துப் பாருங்கள். டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து என்ன சொன்னார் என்று யாராவது கமென்டில் கேட்பார்கள். அதற்குப் பதிலாக இரண்டாவது பதிவு போடலாம்: 'மூன்றாவது நடுவரிடம் போகிறேன் என்றார். கடைக்காரர் கார்டைத் தேய்த்துவிட்டார்.' இதை இப்போதே சேர்த்து எழுதாதீர்கள், யாராவது கேட்கட்டும்.